பேஸ்மென்ற் ஆக்கள்

விநாயகமூர்த்தி தன் மகனுடைய வீட்டின் நிலக்கீழ்த் தளமான பேஸ்மென்ற்றுக்குள் கால் வைத்து நெடுநாளாகிவிட்டது. ஒரு குளிர்காலம் போய் அடுத்ததும் பாதிக்கு வந்திருந்தது. முழங்கால் நோகுதென்று கேட்பவர்களுக்குச் சொல்வார். முழங்கால் நல்லாகத்தான் இருந்தது. கனடாவில், ஸ்காபரோவின் பனிச்சேற்றில் காலையிலேயே நிமிர்ந்த முதுகோடு கடைத்தெருவரைக்கும் நடந்து போய், தமிழ்ப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு நடந்தே திரும்புகிறவர் அவர். இறங்காததற்குக் காரணம் கீழே இருந்த ஆக்கள்.

தங்கத்துரை, அவன் மனைவி கோணேஸ்வரி, அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த மகள் மிதுஷா. மட்டக்களப்புப் பக்கத்துச் சனம். மகன் ஜனார்த்தனுக்கு வேலையிடத்தில் பழக்கமாகி வாடகைக்கு வந்தவர்கள். வந்த அன்று விநாயகமூர்த்தி படிக்கட்டின் மேல் நின்றபடியே விசாரித்தார். எந்த ஊர், தகப்பன் பெயர் என்ன, ஊரில் எந்தக் கோயிலடி, தகப்பனுக்கு என்ன தொழில். தொழிலைக் கேட்டபோது தங்கத்துரை சிரித்தான்.

"அதெல்லாம் சண்டையோட போயிட்டு ஐயா."

அந்தச் சிரிப்பு அவருக்குப் போதுமாயிருந்தது. மறைக்கிறவன்தான் சிரிப்பான். அன்றிலிருந்து அவர்கள் பக்கக் கதவால் போனார்கள், பக்கக் கதவால் வந்தார்கள். கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு விடியப்புறம் வருகிற தங்கத்துரை, யாரும் கேட்காமலே வீட்டு முன்னால் கிடக்கும் பனியையெல்லாம் வழித்துத் தள்ளிவிட்டுத்தான் படுக்கப் போவான். விநாயகமூர்த்தி யன்னலால் பார்த்துக்கொண்டு தேநீர் குடிப்பார். ஒரு நாளாவது கையசைத்ததில்லை.

ஆனால் மணம் பக்கக் கதவால் போகவில்லை. அது மேலே வந்தது. கோணேஸ்வரி மீன் இல்லாமல் சமைக்கத் தெரியாதவள். சுறாப் புட்டு, நெத்தலிப் பொரியல், கருவாட்டுக் குழம்பு என்று ஏதோ ஒன்று எந்நேரமும் கொதிக்கும். அவர்களுடைய படுக்கையறை யன்னலுக்கு நேர் மேலேதான் சுவாமியறை. ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டுக் கண்ணை மூடினால் முருகனுக்கு முன்னால் கருவாடு மணக்கிறது. அன்று பின்னேரமே மகனிடம் சொல்லி அந்த யன்னலுக்கு வெளியிலிருந்து பலகை அடிப்பித்தார். மூலையெல்லாம் ஆணி. மணம் குறைந்தது. பலகை அடிக்கும்போது உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அதையும் அவர் தன் கட்டளைக்குக் கிடைத்த மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்.

பெப்ரவரியில், பனி உருகுவதும் உறைவதுமாக இருந்த நாட்களில், சிற்றியிலிருந்து, அதாவது நகரசபையிலிருந்து, இன்ஸ்பெக்ரர் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். வெள்ளைக்காரர், நெடியவர். சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தார். அதிலேயே விநாயகமூர்த்திக்கு அவரைப் பிடித்துவிட்டது. முப்பது வருடம் ஊரில் அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்து தலைமைக் கிளாக்கராக ஓய்வு பெற்றவர். உத்தியோகத்தனைப் பார்த்தால் உத்தியோகத்தனைத் தெரியும். இந்தத் தெருவில் கார்கள் கூடிப் போய்விட்டதாக யாரோ முறையிட்டிருக்கிறார்கள், இந்த வீட்டுக்குள் இரண்டாவதாக ஒரு வீடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வியாழக்கிழமை காலையில் வரலாமா என்று பணிவாகக் கேட்டார் அவர். தாராளமாக வரலாம் என்று விநாயகமூர்த்தி தன்னுடைய பழைய கச்சேரி ஆங்கிலத்தில் பதில் சொன்னார்.

அன்று பின்னேரம் வேலையால் வந்த ஜனார்த்தன் தலையில் கை வைத்தான்.

"வரச் சொல்லிப்போட்டீங்களே அப்பா?"

"அரசாங்க ஆள் வாறன் எண்டால் வராதை எண்டு சொல்லுறதே? நாங்கள் என்ன கள்ளரே?"

"கள்ளர்தான்! இந்தத் தெருவில பேஸ்மென்ற்றில ஆள் வைச்சிருக்கிற எல்லாரும் கள்ளர்தான். ரெண்டு குடும்பம் எண்டால் சட்டப்படி ரெண்டு வீடு. ரெண்டு வீடு எண்டால் கீழ் முகட்டுக்கு நெருப்புத் தாங்கிற பலகை அடிக்க வேணும், கதவு மாத்த வேணும், யன்னல் பெருப்பிக்க வேணும். உதெல்லாம் செய்ய எங்களிட்ட என்ன கிடக்கு? செய்யாட்டி கீழ இருக்கிறவையை வீட்டை விட்டு எழுப்பச் சொல்லுவாங்கள். அவை எழும்பி வாடகை நிண்டால் மோட்கேஜ் கடன் கட்டேலாது. வீடு போகும். விளங்குதே?"

விநாயகமூர்த்தியின் மனைவி பாலேஸ்வரி தோசைக் கல்லிலிருந்து திரும்பிப் பார்த்தாள். "இப்ப என்னடா செய்யிறது?"

"ஒரு வழி கிடக்கு அம்மா. ஒரே குடும்பம் எண்டு சொல்லுறது. ஒரு குடும்பம் எத்தினை பேரும் இருக்கலாம். மேலயும் படுக்கலாம், கீழயும் படுக்கலாம். ஆனால் அடுப்பு ஒண்டுதான் இருக்க வேணும்."

"ஆர் ஒரே குடும்பம்?" என்றார் விநாயகமூர்த்தி.

"நாங்களும் தங்கத்துரை அண்ணையாக்களும்."

"விசரே உனக்கு? அவன் ஆர், எவன்? ஊர் தெரியாது, பேர் தெரியாது. மட்டக்களப்பான்."

"சிற்றிக்காரனுக்கு மட்டக்களப்பு எங்க கிடக்கு, எங்கட மானிப்பாய் எங்க கிடக்கு எண்டு தெரியுமே? அவனுக்கு நாங்கள் எல்லாம் ஒரு நிறம்தான் அப்பா."

பாலேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பார்த்த பார்வையில் தோசையைத் திருப்பப் போய்விட்டாள்.

"என்ன முறை சொல்லப் போறாய்?"

"உங்கட தம்பியின்ர மகன் எண்டு."

"என்ர தம்பிக்கு ஒரே ஒரு மகன். வாகீசன். அவன் இங்க பக்கத்தில விட்பியில இருக்கிறான்."

"ஓம், இப்ப ரெண்டு மகன். நீங்கள் வாய் திறக்க வேண்டாம் அப்பா. கதிரையில இருங்கோ, காணும். கதைக்கிறதெல்லாம் நான்."

அவருக்கு மேலெல்லாம் புழு ஊர்ந்ததுபோல இருந்தது. தம்பி இறந்து பல வருடம். இறந்தவனுக்கு, தொழில் சொல்லத் தெரியாத ஒருவனைப் பிள்ளையாக்கப் போகிறான் இவன்.

புதன்கிழமை ஜனார்த்தன் லீவு போட்டான். கீழிருந்த அடுப்பைக் கழற்றி, அவனும் தங்கத்துரையுமாகத் தூக்கிக் கொல்லையில் கருவி வைக்கும் கொட்டிலுக்குள் மறைத்தார்கள். கீழே என்னதான் நடக்கிறதென்று பார்க்க விநாயகமூர்த்தி அன்றுதான் இறங்கினார். இறங்கும்போதே மூக்கைத் துவாயால் பொத்திக்கொண்டார்.

பொத்தியும் பயனில்லை. ஈரக் கம்பளத்தின் புளித்த மணம், உடுப்புக் காயாத மணம், கோழித் தொழிற்சாலையின் குளோரின் மணம், எல்லாம் சேர்ந்து தொண்டைக்குள் இறங்கின. சூடாக்கும் யந்திரத்துக்கும் கழிவறைக்கும் இடையில் ஒரு மேசை. அதன்மேல் இடியப்பத் தட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. கடைகளுக்கு ஓடருக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பது கோணேஸ்வரியின் தொழில். விநாயகமூர்த்தி ஞாயிற்றுக்கிழமைகளில் கடையில் வாங்கிச் சாப்பிட்டு நல்லாயிருக்கு என்று சொல்கிற இடியப்பம் இந்த மேசையிலிருந்து போனதாகவும் இருக்கலாம். துவாயை இன்னும் இறுக்கிப் பொத்தினார்.

படுக்கையறையில் பகலிலும் மின்விளக்கு எரிந்தது. பலகையடித்த யன்னலின் கீழே சுவர் கறுத்துப் பூத்திருந்தது. பூஞ்சணம். தவளைத் தோல்போல மினுங்கியது. அதற்குப் பக்கத்தில்தான் பிள்ளையின் கட்டில். யாரோ அந்தக் கறுப்பின்மேல் சாமிப் படக் கலண்டர் ஒன்றைக் கொழுவி மறைக்கப் பார்த்திருந்தார்கள். கறுப்பு கலண்டரைவிடப் பெரிதாயிருந்தது.

"இதுக்குள்ள எப்பிடியடா மனிசர் இருக்கிறது?" என்றார் மகனிடம்.

ஜனார்த்தன் பூஞ்சணத்தில் வெள்ளைப் பெயின்ற் அடித்துக்கொண்டே பதில் சொன்னான். "யன்னலைத் திறந்தால் காஞ்சு போம். ஆர் அடைப்பிச்சது?"

"சுத்தமா வைச்சிருக்கத் தெரியாத சனத்துக்கு யன்னல் திறந்தென்ன, பூட்டியென்ன. பலகை அப்பிடியே கிடக்கட்டும்."

கோணேஸ்வரி பக்கத்தில் நின்று மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள்.

வியாழக்கிழமை காலை, வீடு ஒரே குடும்பமாகியது. கோணேஸ்வரி மேலே வந்து பாலேஸ்வரியின் அடுக்களையில் நின்றாள். வந்த கொஞ்ச நேரத்திலேயே இரண்டு பெண்களும் ஏதோ நெடுநாள் சேர்ந்து சமைத்தவர்கள்போலக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

"ஒங்கட சொதிக்குத் தேங்காப் பால் காணாது அக்கா."

"இவருக்குக் கொழுப்பாம். அதுதான் தண்ணி ஊத்துறனான்."

"தண்ணிய ஊத்தினா அது சொதி இல்லக்கா, கை கழுவுற தண்ணி."

பாலேஸ்வரி சிரித்த சிரிப்பு கூடத்தில் கதிரையில் இருந்தவருக்குக் கேட்டது. இந்த நாட்டுக்கு வந்தபின் அவள் இப்படிச் சிரித்து அவர் கேட்டதில்லை. அந்நியப் பெண் ஒருத்தியின் கை தன் சட்டிக்குள் கிடக்கிறதே என்ற அருவருப்பு அவருக்கு. அன்று மத்தியானம் தனக்குப் பாணும் வாழைப்பழமும் போதும் என்று முன்னரே சொல்லிவிட்டார்.

ஜனார்த்தன் சிறுமியைப் பிடித்து வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தான். "மிதுஷா, இவர் ஆர்?"

"ஐயா."

"இல்லை. இவர் அப்பப்பா. சொல்லு பாப்பம்."

"அப்பப்பா," என்று அவள் வெட்கப்பட்டுச் சொல்லிவிட்டுத் தாயிடம் ஓடினாள்.

இன்ஸ்பெக்ரர் வந்தார். சப்பாத்தைக் கழற்றினார். ஈரக் காலுறையோடு மேலேயுள்ள அறைகளைப் பார்த்தார், அடுக்களையில் அடுப்பைப் பார்த்தார், பெண்கள் இருவரையும் பார்த்துத் தலையசைத்தார். யார் யார் என்ன முறை என்று ஜனார்த்தன் சொல்லிக்கொண்டே வந்தான். பிறகு எல்லோருமாகக் கீழே இறங்கினார்கள். விநாயகமூர்த்தியும் பின்னால் போனார். தன் குடும்பத்தைப் பற்றி ஒரு உத்தியோகத்தனிடம் என்ன சொல்லப்படுகிறதென்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

படுக்கையறையில் இன்ஸ்பெக்ரர் யன்னலடியில் நின்றுவிட்டார். பலகையைக் கையால் தள்ளிப் பார்த்தார். நெருப்புப் பிடித்தால் இந்த அறையில் படுக்கிறவர் எதனால் வெளியேறுவது என்று கேட்டார். யார் இதை அடித்தது?

ஜனார்த்தன் தகப்பனைப் பார்த்தான். விநாயகமூர்த்திக்குக் காது சூடேறியது.

"நான், சேர்," என்றான் தங்கத்துரை. வேலை முடிந்து வந்தவனுக்கு நித்திரையில்லாமல் கண் சிவந்திருந்தது. "குளிர். பிள்ளைக்குக் குளிர். நான் அடிச்சது."

இன்ஸ்பெக்ரர் அவனைக் கண்டித்தார். ஒரு தகப்பன் செய்கிற வேலையா இது, தன் பிள்ளையைப் பெட்டிக்குள் வைத்து ஆணி அடிப்பதுபோல அல்லவா என்றார். தங்கத்துரை தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் சேர், பிழைதான் சேர்," என்று ஏற்றுக்கொண்டான். வெளியே போய், எல்லோரும் பார்த்திருக்க, அந்தப் பலகையைக் கழற்றினான். அழுக்குக் கண்ணாடியால் பெப்ரவரி வெளிச்சம் உள்ளே விழுந்தது.

விநாயகமூர்த்தி நன்றியென்று ஒன்றை உணரவில்லை. அவர் உணர்ந்தது வேறு. தான் தண்ணீர் வாங்கிக் குடிக்காத ஒருவன், தனக்காக ஏச்சு வாங்கியிருக்கிறான். இனி வாழ்நாள் முழுக்க அவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் இது நடுவில் நிற்கும். யார் இவனைக் கேட்டது? கேட்காமல் பனி வழித்துத் தள்ளுகிறவன்போலக் கேட்காமல் இதையும் தள்ளிவிட்டான். வாய்க்குள் கெட்டுப்போன பால் நிற்பதுபோல இருந்தது.

மேலே வந்து இன்ஸ்பெக்ரர் கூடத்தில் இருந்தார். வேலை முடிந்துவிட்டது. யன்னல் திறந்திருக்க வேண்டும், புகை மணி ஒன்று பூட்ட வேண்டும், மற்றபடி ஒரு குடும்பத்து வீட்டில் தான் சொல்ல ஒன்றுமில்லை என்றார். ஜனார்த்தனின் தோள்கள் இறங்கின. கோணேஸ்வரி தேநீர் கொண்டுவந்தாள். இன்ஸ்பெக்ரருக்கு ஒரு கோப்பை கொடுத்தாள். மற்றதை விநாயகமூர்த்தியின் முன்னால் நீட்டினாள்.

"தேத்தண்ணி, மாமா."

அவர் கை நீளவில்லை. அவள் கோப்பையோடு நின்றாள். ஆவி அவர் முகத்தில் பட்டது.

இன்ஸ்பெக்ரர் சிரித்துக்கொண்டே அவரைப் பார்த்தார். வயதான காலத்தில் இத்தனை சொந்தங்கள் சுற்றியிருப்பது பெரிய கொடுப்பினை, தன் தகப்பன் ஒரு முதியோர் விடுதியில் தனியே இருக்கிறார் என்றார். பிறகு தங்கத்துரையைக் காட்டி, "உங்கள் தம்பியின் மகன் அல்லவா? முகத்தில் உங்கள் சாயல் இருக்கிறது," என்றார்.

சாயல்! அந்த ஒரு சொல்லில் எல்லாம் போயிற்று. விநாயகமூர்த்தி எழுந்து நின்றார். கச்சேரியில் பெரிய துரைமாருக்கு முன்னால் நின்றதுபோல, சட்டைப் பொத்தான்கள் எல்லாம் பூட்டியபடி, தெளிவான ஆங்கிலத்தில் சொன்னார்.

"இல்லை, ஐயா. அவன் என் தம்பியின் மகன் இல்லை. எங்களுக்கு எந்தச் சொந்தமும் இல்லை. இவர்கள் வாடகைக்கு இருக்கிறவர்கள்."

கோணேஸ்வரிக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியாது, ஆனால் கணவனின் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள். கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். இன்ஸ்பெக்ரர் தேநீரை மேசையில் வைத்தார். அவர் முகத்திலும் சந்தோசம் இல்லை. கேட்காமல் விட்டிருக்கலாமே என்று நினைக்கிற முகம். "இதை நான் கேட்காததுபோல இருக்க முடியாது," என்றார்.

சட்டம் பிறகு தன் வழியில் வந்தது. முகட்டுப் பலகை, கதவு, பெரிய யன்னல் எல்லாம் செய்ய வேண்டும். செய்து முடியும்வரை கீழே யாரும் படுக்கக் கூடாது. செய்வதற்கு வழியில்லை. இருக்கிறவர்கள் எழும்ப வேண்டியதுதான்.

ஜனார்த்தன் தகப்பனோடு கதைப்பதை விட்டுவிட்டான். ஒரே ஒரு தரம், பூட்ஸைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது, "வீட்டை விக்கப் போறன். நீங்கள் எங்க இருக்கிறது எண்டு யோசியுங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகுதான் விநாயகமூர்த்தி பாலேஸ்வரியிடம் நியாயம் சொல்ல வந்தார்.

"நான் பொய் சொல்லேலாது. என்ர வாழ்க்கையில அரசாங்கத்துக்கு ஒரு பொய் சொன்னதில்லை. அது எங்கட குடும்பத்துக்குப் பழக்கமில்லை."

பாலேஸ்வரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"வாகீசன் ஆரின்ர மகன்?"

"என்ன கேள்வி அது?"

"நாங்கள் இந்த நாட்டுக்குள்ள வரேக்க இமிகிறேசன்காரன் கேட்டான், எத்தினை பிள்ளையள் எண்டு. நீங்கள் என்ன சொன்னனீங்கள்? ரெண்டு ஆம்பிளைப் பிள்ளையள் எண்டு. வாகீசனை உங்கட சொந்தப் பிள்ளை எண்டு சத்தியம் பண்ணினனீங்கள். நானும் பெத்தனான் எண்டு தலையாட்டினன். அண்டைக்கு உங்கட நாக்கு அழுகேல்லை."

"அவன் எங்கட இரத்தம்."

"அதைத்தான் நானும் சொல்லுறன். உங்களுக்குப் பொய் சொல்ல ஏலும். எங்கட ஆக்களுக்கெண்டால் சொல்லுவீங்கள். இதுக்கு உண்மை எண்டு ஒரு பேரையும் வைச்சுக்கொண்டு என்னட்டை வராதேங்கோ. அருவருப்பாக் கிடக்கு."

நாற்பது வருடத்தில் அவள் அவரிடம் சொல்லாத சொல் அது. பூஞ்சணத்துக்கும் கருவாட்டுக்கும் அவர் சொல்லி வந்த சொல். அவர் நிமிர்ந்துதான் நின்றார். அவள் ஆய்ந்து முடித்த கீரையை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாயடிக்குப் போய்விட்டாள்.

தங்கத்துரை ஆக்களுக்கு மாடிக் கட்டிடம் ஒன்றில், வேறொரு குடும்பத்தோடு சேர்ந்து இருக்க ஒரு அறை கிடைத்தது. அங்கே இடியப்பம் அவிக்க இடமில்லை. அந்தத் தொழில் அத்தோடு போயிற்று. ஒரு சனிக்கிழமை, சேறும் பனியும் கலந்து கிடந்த காலையில், இரவல் வான் ஒன்று வந்து நின்றது. கோணேஸ்வரி பேஸ்மென்ற்றைக் கூட்டி, கழுவி, பெயின்ற்றுக்கு மேலாலும் திரும்பக் கறுத்த சுவரைக்கூடத் தேய்த்துவிட்டு, பக்கக் கதவுத் திறப்பைக் கொண்டுவந்து பாலேஸ்வரியின் கையில் கொடுத்தாள். இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "வாங்க அக்கா அங்கால," என்றாள் கோணேஸ்வரி. "ஒங்களுக்கு ஒரு நாளைக்காவது பால் விட்டுச் சொதி வெச்சுத் தாறன்."

விநாயகமூர்த்தி வாசலில் நின்றார். அவர்கள் ஏசுவார்கள் என்று எதிர்பார்த்தார். ஏசினால் நல்லது, ஏச்சுக்கு மரியாதையான பதில் ஒன்றை நேற்றிலிருந்து ஆயத்தமாக வைத்திருந்தார். தங்கத்துரை மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு அவரைக் கடந்து போனான். "விலகுங்க ஐயா, நனைஞ்சிருவீங்க," என்று மட்டும் சொன்னான்.

வான் புறப்படப்போகும்போது மிதுஷா யன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டினாள். ஜனார்த்தன் சொல்லிக்கொடுத்த சொல்லை அவள் விடவில்லை.

"அப்பப்பா, போயிட்டு வாறன்!"

கோணேஸ்வரி அந்தக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கோபமில்லை. கடையில் பிறருடைய பொருளைத் தொட்டுவிட்ட பிள்ளைக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"அப்பிடிச் சொல்லாத புள்ள. அவர் நமக்கு ஒருத்தரும் இல்ல. சேர் எண்டு சொல்லு."

பிள்ளை சொல்வழி கேட்கிற பிள்ளை. "பை, சேர்," என்றாள்.

முப்பது வருடம் அந்த ஒரு சொல்லைக் கேட்டுத் தலையசைத்துப் பழகியவர் விநாயகமூர்த்தி. தலை தன்பாட்டில் அசைந்தது. கை சட்டையின் மேல் பொத்தானுக்குப் போயிற்று. வான் தெருமுனையில் திரும்பும்வரை அவருக்கு அது தெரியவில்லை. தெரிந்தபோது வாயில் எச்சில் ஊறியது. துப்ப வேண்டும் போலிருந்தது. தங்கத்துரை விடியவே வழித்து வைத்த வாசலில் துப்ப இடம் தேடிக்கொண்டு நின்றார்.